மூன்று இடத்துக்குத்தான் காசு

முப்பத்தொரு ஊர். மூன்று இடத்துக்குத்தான் காசு.
பிரதேச செயலகத்தின் பின்னறையில்
மழைக்கு முன் முடிக்கச் சொன்ன வேலையை
மழைக்குள் இருந்து செய்கிறேன்.

எந்த ஊரின் வெள்ளத்தை முதலில் அளப்பது?
எந்த ஊருக்கு முதலில் படம் வரைவது?
புள்ளி போட வேண்டும்:
ஓயாவிலிருந்து எத்தனை மீட்டர்,
எத்தனை வீடு, எத்தனை கடை,
பத்து வருடத்தில் எத்தனை தடவை
நட்டஈடு கேட்டு மனு வந்தது.
கூட்டலைக் கணினி பார்த்துக்கொள்ளும்.
அதுதான் நல்லது என்கிறார் ரத்நாயக்க சேர்,
பிறகு யாரும் யாரையும் ஏச முடியாது.

முதலாவது பொகவந்தலாவை பஜார்.
சரிதான். போன ஜூனில்
ஹசீன் ஸ்டோர்ஸின் சீனி மூட்டைகள்
பாணியாகிப் படியிறங்கிப் போனதை நானே பார்த்தேன்.
இரண்டாவது பாலத்தடி.
அதுவும் சரி.
மூன்றாவது கெக்குணவத்தை, நாற்பத்தொரு வீடு.

கீழே, கீழே, இன்னும் கீழே உருட்டினால்
பத்தொன்பதாவது வரியில்
எல்டன்ஹோம் தோட்டம், பணியக் கணக்கு.
வீடுகள்: 1.
மனுக்கள்: 0.

செவ்வாய்க்கிழமைதான் போய் வந்தேன்.
காட்டாறு வளைகிற இடத்தில் இரண்டு லயம்,
இருபத்திநான்கு காம்பரா, நூற்றேழு பேர்.
கோழிகளை அட்டலுக்கு ஏற்றும் ஏணி
எப்போதும் சுவரில் சாய்ந்தே இருக்கிறது.
ஆனால் முகவரி ஒன்று:
தோட்டத்தின் பேர், பிரிவின் பேர், தபால் கந்தோர்.
இலக்கம் இல்லாத வீட்டை
எண்ணத் தெரியாத கணினி
எல்லோரையும் ஒரே கூரைக்குள் தள்ளிவிட்டது.

மனு?
"உறுதி கேக்கிறாங்க, வீட்டு நம்பர் கேக்கிறாங்க,
என்னத்த எழுதிக் குடுக்க?" என்றார் கமலவேணி.
பிறகு உள்ளே போய்
ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார்.
பத்து வருடச் சம்பளத் துண்டுகள்,
மாதம் பிசகாமல், ரப்பர் பட்டி போட்டு.
பின்பக்கம் பென்சிலால்:
ரெண்டு பேர் இல்ல, தண்ணி.
அரைப்பேர், தண்ணி.
நாலு பேர் இல்ல, தண்ணி, அடுப்பு போச்சு.

வெள்ளம் வந்தது எங்கள் கோப்பில் இல்லை.
வெட்டிய சம்பளத்தில் இருந்தது.
இஸ்தோப்பில் குந்தியிருந்து எண்ணினேன்.
ஒன்பது தடவை.

இன்று ஒன்றை அழித்து இருபத்திநான்கு என்றேன்.
பூச்சியத்தை அழித்து ஒன்பது.
சொல்லத்தான் வேண்டும்:
பதினெட்டு வயது வரை எனக்கும்
ஒற்றை வரிதான் முகவரி, வேறொரு தோட்டத்தில்.
என் கை என் பக்கம் சாய்கிறதா என்று
மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.
டின்னின் படங்களை இணைத்தேன்.
ஒவ்வொரு துண்டும், முன்னும் பின்னும்.

பத்தொன்பது சட்டென்று மூன்றாகியது.
மூன்று நான்காகியது.

பக்கத்து மேசையில் நிரோஷா
தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்தபடி
என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கெக்குணவத்தையில்தான் அவள் அம்மா,
லீக்ஸ் பாத்தியும் ஒரு பசுவும்.
எத்தனை புள்ளி வித்தியாசம் என்று கேட்டாள்.
ரெண்டு என்றேன்.
ரெண்டு, என்றாள் அவளும்.
அந்தத் துண்டுகளைக் காட்டச் சொன்னாள்.
காட்டினேன்.
தமிழ் வாசிக்க வராது அவளுக்கு;
தண்ணி என்ற சொல்லை மட்டும்
விரலால் தொட்டுக்கொண்டே போனாள்,
நான் சொல்லிக்கொடுக்காமலே
ஒன்பதிலும் அது ஒரே மாதிரி இருந்ததால்.

நாலாவதுக்கும் காசு கேட்டு
ஒரு குறிப்பு எழுதலாம் என்றேன்.
எழுது என்றாள்.
எழுதினால் கிடைக்குமா என்று
அவள் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை.

கோப்புக்குப் பேர் கேட்டது கணினி.
'இறுதி' என்று அடித்து
'இறுதி 2' என்று மாற்றினேன்.

தகரத்தில் மழை இன்னும் தடித்துவிட்டது.
நடைபாதையில் நின்று
போனைக் காதில் அழுத்தி,
மற்றக் காதைப் பொத்திக்கொண்டு
நிரோஷா கத்துகிறாள்:
அம்மே, அங்கேயும் பெய்யுதா?
அம்மே, கேட்குதா?